மூன்றாம் மாடியில் யாருமில்லை

தோம்னிகாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும் முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பெண் மாதக் கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த காரியத்தை ஒரே நிமிடத்தில் கெடுத்தவள் நான்தான். கெட்ட எண்ணம் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கே பயமாக இருக்கிறது.

என் பெயர் ஸ்லாவ்கா. பல்கேரியாவில் டோப்ரிச் நகரத்தில் இருபத்திரண்டு வருடம் டிராலி பஸ் ஓட்டினேன். "கதவுகிட்ட நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று கத்திக் கத்தியே தொண்டை அகலமாகிவிட்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், தொண்டையை யாராலும் நிறுத்த முடியவில்லை. இப்போது எங்கள் அடுக்குமாடியின் இரண்டாம் வாசலுக்கு நான்தான் பொறுப்பாளர். லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போகிறவனைத் திட்டுவது, தண்ணீர் நிற்கப்போகும் நாளை மாடி மாடியாக அறிவிப்பது, யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பது, இதெல்லாம் என் வேலை. சம்பளம் கிடையாது. எல்லாருடைய வசவும் உண்டு.

மூன்றாம் மாடியில் என் வீட்டுக்கு எதிர் வீடு மின்ச்சோவுடையது. அவன் வார்னாவில் கடலோரம் உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டை வாடகைக்கு விடுகிறவன். ஓர் அக்டோபர் மாதம் அந்த வீட்டுக்கு தோம்னிகா வந்தாள். முப்பத்து நான்கு வயது, இரண்டு பை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஒரு கம்ப்யூட்டர். கைக்குழந்தையைக்கூட அப்படி யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

"எந்த ஊரும்மா?"

"மால்டோவா. தராக்லியா. ஆனா நாங்க பல்கேரியக்காரங்கதான் அத்தை. எங்க முன்னோர் இங்கிருந்து போய் இருநூறு வருஷம் ஆகுது."

"இருநூறு வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றியா? ஏன், வழியில பஸ் லேட்டா?"

அவள் சிரித்தாள். என் நக்கலுக்கு முதல் சந்திப்பிலேயே சிரிக்கிறவர்கள் குறைவு. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

தராக்லியாவில் அவள் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்திருக்கிறாள். அங்கே ஊரே காலியாகிக்கொண்டு வந்தது. பெற்றோர்கள் இத்தாலிக்கும் அயர்லாந்துக்கும் பிழைக்கப் போனார்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போனார்கள். முப்பத்தோரு பிள்ளைகள் இருந்த வகுப்பில் கடைசியில் ஒன்பது பேர். பள்ளிக்கூடத்தையே இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள், இவளுக்கு வேலை போயிற்று. வம்சாவளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இங்கே வந்து, நிரந்தரமாகத் தங்கும் அட்டைக்கு விண்ணப்பம் போட்டாள்.

அட்டை கைக்கு வரும்வரை இந்த ஊரில் அவளை யாரும் வேலைக்கு வைக்க முடியாது. இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் கட்டடத்துக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே கணக்கு டீச்சர் கிடையாது. ஏழாம் வகுப்புக்கு உடற்பயிற்சி வாத்தியார்தான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். விடை தப்பானால் மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொல்வாராம். தலைமையாசிரியை ரொட்டிக்கடை வரிசையில் தோம்னிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில அட்டையைக் காட்டு, மத்தியானம் சாக்பீஸ் உன் கையில" என்று சொன்னதை நானே கேட்டேன். செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் அட்டை வந்தால் வேலை. வராவிட்டால் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள்.

அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? தராக்லியாவிலிருந்து ஓடிப்போன அதே பிள்ளைகள்தான் அவளுக்குச் சோறு போட்டார்கள். இத்தாலியில் ஒரு பிள்ளை, டப்ளினில் இரண்டு பிள்ளை என்று கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் எடுத்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஏழு வரை ஓயாது. அவள் வீட்டுக் கூடத்துக்கும் என் சமையலறைக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று சொல்வார்கள், அது சுவரே இல்லை, அட்டை. "மைனஸை வெளியே எடு. எடுத்தியா? இப்ப உள்ள இருக்கிறது எல்லாம் என்ன ஆகும்?" என்று அவள் குரல் தினமும் என் பீன்ஸ் சூப்போடு சேர்ந்து கொதிக்கும். எனக்கே பாதி அல்ஜீப்ரா வந்துவிட்டது.

அந்த வருமானம் முறையானதுதானா என்று அவள் வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில், பணம் போவது மால்டோவா வங்கிக்கு, வரி கட்டுவதும் அங்கே. இதை எனக்கும் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டால்தானே! அவள் சொன்ன அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து நாற்பது கிலோ குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். மிளகாய் சுடும்போது என்னிடம் எதையும் சொல்லக் கூடாது. என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: அட்டை இல்லை, வேலை செய்யக் கூடாது, ஆனால் வேலை செய்கிறாள்.

அதுபோக மின்ச்சோ வேறு. வாடகை வாங்குவதை அவன் வரி அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. தோம்னிகா கெஞ்சிக் கேட்டதால் இந்த விலாசத்தில் அவள் இருக்கிறாள் என்று நகராட்சியில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டான், தெரிந்தவள், சும்மா தங்கியிருக்கிறாள் என்று. எனக்கு போன் செய்து, "ஸ்லாவ்கா, யாராவது வந்து விசாரிச்சா வீடு காலின்னு சொல்லிடு, என்ன?" என்றான். எங்கள் ஊரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. அரசாங்கத்திலிருந்து ஒருத்தன் கையில் ஃபைலோடு மாடியேறி வந்தால் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. அது எழுதாத சட்டம். என் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான்.

நானும் என் பங்குக்கு ஒரு தயவு செய்தேன். லிஃப்டுக்கும் மாடிப்படி துடைப்பதற்கும் ஆள் கணக்கில் மாதாமாதம் வசூலிக்கிறோம். பாவம், வேலை இல்லாத பெண் என்று அவள் பெயரைப் புத்தகத்தில் ஏற்றாமலே விட்டேன்.

ஜனவரி எட்டாம் தேதி நடந்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சமையலறைக் காலண்டரைக் கிழிக்கும்போது பார்த்தேன், அன்றைக்குப் புனித தோம்னிகாவின் நாள், அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர்நாள். அடிப்பாவி, பெயர்நாளை வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லையே! பிறந்தநாளுக்கு அழைத்தால்தான் போவோம். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, தானாகப் போய் நிற்க வேண்டும். பாலாடைக்கட்டி வைத்து ஒரு தட்டு பனிட்சா சுட்டு எடுத்துக்கொண்டு, அவள் பாடத்தின் நடுவிலேயே கதவை முழங்கையால் இடித்தேன். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க ஓடிவந்து திறந்தாள். "நூறு வருஷம் இருடி பொண்ணே! ஆறிடும், தின்னுட்டு அப்புறம் கணக்குப் போடு!" என்று தட்டைக் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். கதவு சாத்திய பிறகு உள்ளே அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அப்போது தெரியாது.

மார்ச் மாதம் முதல் தேதி. எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொள்கிற நாள். எனக்குக் காலையில் தோம்னிகாதான் கட்டிவிட்டாள். மாலை நான்கு மணிக்கு ஒருத்தன் மாடியேறி வந்தான். சாதாரண உடை, கக்கத்தில் ஃபைல், அவன் கையிலும் அதே நூல். எதிர் வீட்டு மணியை அழுத்தினான். மணி அடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுகிறது என்று பாட நேரத்தில் அவள் மணியின் ஒயரைக் கழற்றிவிடுவாள். அவன் திரும்பி என் மணியை அழுத்தினான்.

"வணக்கம்மா. போலீஸ்லேர்ந்து வர்றேன், ஒக்னியான். எதிர் வீட்ல யார் இருக்காங்க?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சரிதான், யாரோ போட்டுக் கொடுத்துவிட்டான், அட்டை இல்லாமல் சம்பாதிக்கிறாள் என்று பிடிக்க வந்துவிட்டார்கள்! என் உடம்பே கதவை மறைத்துக்கொண்டு நின்றது.

"அங்க யாரும் இல்லையே தம்பி. மூணு வருஷமா காலி."

"யாருமே இல்லையா?"

"முன்னாடி ஒரு பல் டாக்டர் இருந்தான். குழாய் வெடிச்சுது, ஓடிட்டான். அப்புறம் எலிகூட வர்றதில்லை."

பல் டாக்டர் எங்கிருந்து வந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். பொய் சொல்ல ஆரம்பித்தால் என் வாய்க்குப் பிரேக் பிடிக்காது. அந்த நேரம் பார்த்துச் சுவர் வழியாக, "மைனஸை வெளியே எடு!" என்று தெளிவாகக் கேட்டது.

அவன் தலையைத் தூக்கினான். "அது என்ன சத்தம்?"

"ரேடியோ."

"ரேடியோல கணக்குப் பாடமா?"

"ஏன், நல்லது நாலு விஷயம் போடக் கூடாதா? எப்பப் பார்த்தாலும் பாட்டுதான் போடணுமா?"

அவன் ஒரு பெருமூச்சு விட்டான், ஃபைலில் ஏதோ எழுதினான், போய்விட்டான். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னக் கோப்பை பழச்சாராயம் ஊற்றிக் குடித்தேன். கோட்டையைக் காப்பாற்றிய தளபதி மாதிரி இருந்தது எனக்கு.

அவளிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று மறைத்தேன். ஒரு வாரம் கழித்து அவளே கேட்டாள், முகம் சின்னதாகிப்போய்: "அத்தை, என்னைத் தேடி யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு."

ஏப்ரலிலும் அதே கேள்வி, அதே பதில். ஒரு முறை கெடுத்தது போதாதென்று மூன்று முறை கெடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது அவள் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதம், கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீட்டினாள், படித்தேன். விண்ணப்பதாரர் தாம் குறிப்பிட்ட விலாசத்தில் வசிக்கவில்லை. மூன்று முறை சென்றும் கதவு திறக்கப்படவில்லை. வீடு மூன்று ஆண்டுகளாகக் காலியாக இருப்பதாக அண்டை வீட்டார் தெரிவித்தார். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்கவும்.

"விலாசம் பார்க்க ஒருத்தர் வருவார்னு சொல்லியிருந்தாங்க அத்தை. அஞ்சு மாசமா அந்த ஆளுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "யார் இப்படிச் சொல்லியிருப்பாங்க? கீழ் வீட்டு கிரோவா? நான் அவருக்கு என்ன பண்ணினேன்?"

ஒரு நொடி, ஒரே நொடி, கிரோதான் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கிரோ ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதியவன். என்னோடு பத்து வருடமாகச் சண்டை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"நான்தான்டி சொன்னேன்."

அவளுக்குப் புரியவில்லை. நான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பல் டாக்டரை, குழாயை, ரேடியோவை, எதையும் விடவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. எழுந்தாள், உள்ளே போனாள், கதவை மெதுவாகச் சாத்தினாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்த வீட்டையும் சேர்த்துக் கெடுத்தது.

மறுநாள் காலை புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். ஒக்னியான் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்கம்மா. ரேடியோ எப்படி இருக்கு?"

"தம்பி, நான் அன்னிக்குச் சொன்னது பொய். அந்த வீட்ல தோம்னிகா இருக்கா. ஏழு மாசமா இருக்கா. நான் கட்டடத்துப் பொறுப்பாளர், நான் சொல்றேன்."

அவன் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினான். "மின்ச்சோ வீட்டுக்கு நேரா ஒரு பேரும் இல்லையே?"

"அது... லிஃப்ட் காசு மிச்சமாகட்டும்னு நான்தான் எழுதலை."

"அப்ப வாய்ல ஒண்ணு, புத்தகத்துல ஒண்ணு, இன்னிக்கு வேற ஒண்ணு. மார்ச் மாசம் வந்த ஸ்லாவ்காவை நம்பணுமா, இன்னிக்கு வந்த ஸ்லாவ்காவை நம்பணுமா, நீங்களே சொல்லுங்க." கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகச் சொன்னான், அது இன்னும் மோசம். "அவங்க அங்கதான் இருந்தாங்கன்னு தேதியோட ஏதாவது ஆதாரம் கொண்டு வாங்க. கரண்ட் பில், தண்ணி பில், எதுவா இருந்தாலும் சரி."

பில் எல்லாம் மின்ச்சோ பெயரில். வெளியே வந்ததும் அவனுக்கு போன் போட்டேன்.

"டேய் மின்ச்சோ, அவ வாடகைக்குத்தான் இருக்கான்னு வந்து எழுதிக் கொடுடா."

"ஐயோ ஸ்லாவ்கா, வரி ஆபீஸ்காரன் தோலை உரிச்சிடுவான்! வேற ஏதாவது வழி பாரேன்."

"அவன் உரிச்சா தோல் மட்டும்தான் போகும். நான் வார்னாவுக்கு வந்தேன்னா உனக்கு என்னென்ன போகும்னு யோசிச்சுக்கோ."

வைத்துவிட்டான். அப்புறம் எடுக்கவே இல்லை.

ஐந்து நாள் தோம்னிகா என்னோடு பேசவில்லை. பாட நேரத்தில் அவள் குரல் மட்டும் கேட்கும், அதுவும் சுரத்தே இல்லாமல். என் சூப்பில் உப்பு போட்டேனா என்றுகூட எனக்கு நினைவிருக்காது. பதினான்கு நாளில் அந்த ஐந்தும் போய்விட்டது.

ஆறாம் நாள் மாலை, நான் படியில் நின்றிருந்தபோது, கிரோ லிஃப்டிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தாமல் போனான். எனக்கு வேறு கவலை தலைக்குமேல் இருந்தாலும் வாய் பழக்கத்தை விடுமா? "கிரோ! லிஃப்ட் கதவை உங்க அப்பனா வந்து சாத்துவான்? மேல நாலு மாடிக்காரன் பறந்தா போவான்?" என்று கட்டடம் அதிர ஒரு சத்தம் போட்டேன்.

எதிர்க் கதவு திறந்தது. தோம்னிகா ஹெட்ஃபோனோடு நின்றாள்.

"அத்தை, கொஞ்சம் மெதுவா. பாடம் ரெக்கார்ட் ஆகுது. ஏற்கெனவே ஒவ்வொரு பாடத்துலயும் உங்க சத்தம்தான் இருக்கு."

ஐந்து நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்தது. அப்புறம்தான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது.

"என்னது? ஒவ்வொரு பாடத்துலயுமா?"

"வராத பிள்ளைங்களுக்காக எல்லாப் பாடத்தையும் பதிவு பண்ணி வைப்பேன். நீங்க கிரோவைத் திட்டறது, தண்ணி நிக்கப் போறதுன்னு கத்தறது, எல்லாம் விழுந்திருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். அவளும் கணக்கு டீச்சர்தானே. "தேதியோட இருக்கு அத்தை. முதல் மாசத்துலேர்ந்து இருக்கு."

"கிளம்புடி!"

"பாடம் நடக்குது."

"அப்ப நாளைக் காலையில. சீக்கிரம் எழுந்திரு, சிங்காரிச்சுக்கிட்டு நிக்காதே."

காலையில் எட்டரைக்கெல்லாம் ஒக்னியானின் மேஜைமேல் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தோம். முந்நூற்றுச் சொச்சம் பதிவுகள், வரிசையாகத் தேதி போட்டு. அவன் சந்தேகத்தோடுதான் பார்த்தான். "இதெல்லாம் எந்த வீட்ல உக்காந்து பண்ணினதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நீயே ஒண்ணு தொட்டுப் போடு தம்பி. எது வேணா போடு" என்றேன்.

ஒன்றைப் போட்டான். நவம்பர் மாதம். தோம்னிகா பின்னம் சொல்லித் தருகிறாள், பின்னாலே மாடிப்படியிலிருந்து: "கிரோ! கதவு!" இன்னொன்று, பிப்ரவரி: "நாளைக்குக் காலைல ஒன்பதுலேர்ந்து தண்ணி கிடையாது! பாத்திரத்துல பிடிச்சு வைங்க! அப்புறம் என் கதவைத் தட்டாதீங்க!" ஒக்னியான் உதட்டைக் கடித்துக்கொண்டான். பக்கத்து மேஜைப் பெண் எழுந்துவந்து நின்றாள்.

"இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேன்" என்றாள் அவள்.

"பஸ்ஸுல கேட்டிருப்பே. கதவுகிட்ட நின்னிருப்பே" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒக்னியான் இன்னொரு பதிவைத் தொட்டான். ஜனவரி எட்டு. கதவு இடிபடும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், தூரத்தில் என் குரல்: "நூறு வருஷம் இருடி பொண்ணே! ஆறிடும், தின்னுட்டு அப்புறம் கணக்குப் போடு!" கதவு சாத்துகிறது. தோம்னிகா கையில் தட்டோடு திரைக்கு வருகிறாள். இத்தாலியில் இருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்கிறது, "டீச்சர், யாரு அது? உங்க அம்மாவா?"

"அம்மா இல்ல மரினெலா. எதிர் வீட்டு அத்தை."

"ரொம்பக் கத்தறாங்க. பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயமா? இவங்க இருக்கிறதாலதான் எனக்குப் பயமே இல்லை. நாளைக்கு யாராவது வந்து, இங்க தோம்னிகான்னு ஒருத்தி இருக்காளான்னு கேட்டா, ஆமா, எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்ல எனக்கு இந்த ஊர்ல ஒரு ஆள் இருக்கு."

தோம்னிகா சட்டென்று கையை நீட்டி நிறுத்தினாள். அவளுக்கே இது நினைவில்லை போலும், முகம் சிவந்துவிட்டது. நான் அழுதேன். சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மானம் மரியாதை எல்லாம் விட்டு அழுதேன். வந்தார்களே, கேட்டார்களே! அவள் நம்பின அந்த ஒரே ஆளிடம் வந்து கேட்டார்களே! நான் என்ன சொன்னேன்? எலிகூட வர்றதில்லை என்றேன்.

"என்ன பார்க்கறே? பொம்பளை அழுது பார்த்ததில்லையா?" என்று ஒக்னியான்மேல் பாய்ந்தேன்.

அவன் ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினான். "மார்ச்ல நீங்க சொன்னது பொய்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அபராதம் வரும், சொல்லிட்டேன்."

"வரட்டும். கொண்டா பேனாவை."

பேனாவை அழுத்தியதில் காகிதம் ஓர் இடத்தில் கிழிந்தேவிட்டது. திரும்பும்போது தோம்னிகா என் கையைக் கோத்துக்கொண்டாள். ரொட்டிக்கடை வந்ததும், "அத்தை, பல் டாக்டர் எதுக்கு?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். நடுத்தெருவில் நின்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

விதிப்படி விலாசத்தை மறுபடி நேரில் பார்த்தாக வேண்டும். அடுத்த செவ்வாய் மாலை நான்கு மணிக்கு ஒக்னியான் வந்தான். தோம்னிகா பாடத்தில் இருந்தாள், ஆனால் மணியின் ஒயரை அவள் இந்த முறை கழற்றவில்லை. அவன் அந்த மணியை அடிக்காமல் முதலில் என் மணியை அடித்தான். ஃபைலைத் திறந்தான், முகத்தை வேண்டுமென்றே கடுமையாக வைத்துக்கொண்டான்.

"வணக்கம்மா. போலீஸ்லேர்ந்து வர்றேன். எதிர் வீட்ல யார் இருக்காங்க?"

நான் வெளியே வந்து படிக்கட்டின் நடுவில் நின்றேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

"தோம்னிகா இருக்கா! தராக்லியாக்காரி! கணக்கு டீச்சர்! காலைல ரெண்டு கப் காபி குடிப்பா, சர்க்கரை இல்லாம! மூணு மணிக்குப் பாடம், ஏழு மணிக்கு முடியும்! கோபம் வந்தா திட்டமாட்டா, கதவை மெதுவா சாத்துவா! எங்க வீட்டுப் பொண்ணு! எழுதிக்கோ!"

"போதும்மா, போதும்."

"போதாது! எழுது!"

கீழ் மாடியிலிருந்து கிரோ கத்தினான்: "இருக்கா, இருக்கா! நானும் சாட்சி! என் காது போச்சு ஸ்லாவ்கா!" ஐந்து மாடியிலும் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்க் கதவும் திறந்தது. தோம்னிகா நின்றாள். உள்ளே திரையிலிருந்து மரினெலா, "டீச்சர், அத்தை சொல்லிட்டாங்க!" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே புத்தகத்தில் அவள் பெயரை ஏற்றினேன், அவள் வந்த அக்டோபர் தேதியைப் போட்டே ஏற்றினேன். மின்ச்சோவுக்கும் விஷயம் போயிற்று. அவன் தோல் இன்னும் அவனிடமே இருக்கிறது, ஆனால் இப்போது ஒழுங்காக வரி கட்டுகிறான். ஜூலை பதினெட்டில் அட்டை வந்தது. இத்தனை பாடுபடுத்திய சாமான் ரொட்டித் துண்டைவிடச் சின்னதாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் ஓடிய முதல் இடம் எதிர்ப் பள்ளிக்கூடம். மரினெலாவையும் டப்ளின் பிள்ளைகளையும் விடவில்லை, அவர்களுக்கு இப்போது சனிக்கிழமை பாடம்.

செப்டம்பரில் பள்ளி திறந்து இரண்டாம் நாள், பால்கனியில் மிளகாய் உரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். பள்ளிக்கூடத்து ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். தெருவைத் தாண்டி அவள் குரல் வந்தது: "மைனஸை வெளியே எடு. எடுத்தியா?" முப்பது பிள்ளைகள் ஒன்றாக, "எடுத்தாச்சு!" என்றார்கள்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிரோ அண்ணாந்து பார்த்தான். "ஸ்லாவ்கா, அது என்ன சத்தம்?"

"ரேடியோ" என்றேன். "எங்க வீட்டு ரேடியோ. பேசாம கேளு, உனக்கும் கொஞ்சம் கணக்கு வரட்டும்."